இருபது கிலோ கல்லும் பச்சை டப்பாவும்

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. தராசுக்காரர் என்றால் போதும், பேசத் தெரிந்த எந்தப் பிள்ளையும் வீட்டைக் காட்டிவிடும். காய்கறிக் கடை, நகைக்கடை, கூரியர் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று இந்தப் பக்கம் எங்கே எடை போட்டாலும் அந்த மிஷினின் ஓரத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர் இருக்கும். ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே தேதியும் என் கையெழுத்தும். இருபத்தாறு வருடமாக அந்தக் கையெழுத்தைத்தான் விற்றுச் சாப்பிடுகிறேன்.

“கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க” என்று சில கடைக்காரர்கள் கண்ணடிப்பார்கள். கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைந்தால் யார் குடி முழுகிவிடும் என்பார்கள். நான் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். இந்தப் பெருமையை வீட்டில் பலமுறை அளந்திருக்கிறேன், கேட்காதவர்களிடமும் அளந்திருக்கிறேன். “தராசு பாக்கறவன், பொய் சொல்ல வராது” என்று நம்பித்தான் என் மாமனார் பெண் கொடுத்தார். அவர் மகளும் அதை நம்பித்தான் வந்தாள்.

அப்படிப்பட்ட நான், அவளுடைய எடையிலேயே பத்து வாரம் கை வைத்தேன்.

எல்லாம் ஒரு லிஃப்டில் ஆரம்பித்தது. என் மனைவிக்குக் குடிநீர் வாரிய ஆபீஸில் வேலை, நாலாவது மாடியில் பழைய கோப்புகளைக் காக்கும் பிரிவு. அன்று காலை லிஃப்டில் முதலில் ஏறிப் பின்பக்கமாக நின்றது அவள்தான். அதன்பிறகு ஆறு பேர் ஏறினார்கள். கடைசியாக ஒரு கிளார்க், ஆள் குச்சி, கையில் மட்டும் அரை ஆள் உயரத்துக்குக் கோப்புக் கட்டு. அவர் கால் வைத்ததும் லிஃப்ட் கீச்சென்று கத்தியது. ஆறு பேரும் கிளார்க்கைப் பார்க்கவில்லை, கட்டைப் பார்க்கவில்லை. திரும்பிப் பின்னால் நின்ற என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் “வழி விடுங்க” என்று எல்லோரையும் ஒதுக்கிக்கொண்டு இறங்கி, நாலு மாடியும் நடந்தே ஏறினாள்.

சாயங்காலம் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“லிஃப்ட்டுக்கு அடியிலயும் ஒரு எடை மிஷின் மாதிரிதான் இருக்கும். அது பிசகியிருக்கும். எட்டு பேருக்கெல்லாம் கத்தக் கூடாது” என்றேன்.

“சரி, அது பிசகு. ஆறு பேரும் என்னையே பாத்தாங்களே, அவங்க கண்ணெல்லாம் பிசகா?”

நான் மிஷின்களுக்குத்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன்.

மறுநாள் அவள் வரும்போது கைப்பையில் ஒரு பச்சை டப்பா இருந்தது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. டாக்டர் சீட்டு வேண்டாம், கேள்வி வேண்டாம், இருமல் மிட்டாய் வாங்குவதுபோல வாங்கிக்கொள்ளலாம். டப்பாமேல் ஒரு பெண்ணின் இடுப்பு மட்டும் இருந்தது, முகம் கிடையாது. அறுபது மாத்திரை, தினம் சாப்பாட்டுக்கு முன் இரண்டு. தேயிலைச் சாறு, காப்பிக்கொட்டைச் சாறு, ஏதோ ஒரு பழத்தோலின் சாறு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்குத் தொழில் புத்தி, பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். ‘உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தால் மட்டுமே பலன் கிடைக்கும்’ என்று அங்கே இருந்தது.

“அது ரெண்டும் சேர்ந்தா இந்த டப்பா எதுக்கு?” என்றேன்.

“உங்ககிட்ட கேட்டேனா?” என்றாள். அந்தக் கேள்வியை இன்னும் நாலு தடவை கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

எங்கள் வீட்டு எடை மிஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளியலறையில் வைக்கிற சின்னத் தட்டு இல்லை. ஒரு தானிய மண்டியை மூடியபோது ஓரமாகப் போட்டதை நான் தூக்கிவந்து சரி செய்தது. தரையோடு ஒட்டின அகலமான இரும்பு மேடை, முன்னூறு கிலோ வரை தாங்கும், பக்கத்தில் ஒரு கம்பத்தின்மேல் சிவப்பு எண்கள் எரியும். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் கிடந்தது. “மூட்டை போடறதுல என்னை நிக்க வைக்கிறீங்க” என்று அவள் சிரிப்பாள். அது லிஃப்டுக்கு முந்தைய காலம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எடை பார்ப்பது என்று முடிவானது. கோடு போட்ட ஒரு நோட்டு, அதில் தேதி, எடை. என்னையும் ஏறச் சொல்லி, எனக்கும் ஒரு பத்தி. முதல் நாள் அவள் 84.6, நான் 62. ஒரு வாரம் கழித்து அவள் 84.7. இரண்டாவது வாரம் 84.9.

அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவள் மேடையைவிட்டு இறங்கவே இல்லை. எண் குறையும் என்று காத்திருப்பவளைப்போல நின்றாள். பதினான்கு நாள் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கியிருந்தாள். வாய் வறண்டு, நெஞ்சு படபடவென்று அடித்து, தூக்கம் கெட்டு, அதையெல்லாம் ‘மருந்து வேலை செய்யுது’ என்று பொறுத்துக்கொண்டிருந்தாள். நோட்டில் 84.9 என்று எழுதிவிட்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு பாத்திரம் கழுவும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் அழுவதை நான் அதற்குமுன் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன், மூன்றும் சாவு வீடு. கதவருகே போனேன். அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம், அவள் ஆபீஸில் இருக்கும்போது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

செய்வது சுலபம். மிஷினுக்குத் தானாக எடை தெரியாது, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கென்று எங்களிடம் இருபது கிலோ கல் இருக்கிறது. கல் என்று பெயர்தான், இரும்பு. அதை மேடையில் வைத்து, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற பொத்தானை அழுத்தி ‘இது இருபது’ என்று சொன்னால் அதை வைத்து மற்றதையெல்லாம் அது கணக்குப் போட்டுக்கொள்ளும். நான் கல்லை வைத்து ‘இது 19.8’ என்றேன். மிஷின் மறுபேச்சுப் பேசாமல் நம்பிவிட்டது. இவ்வளவு அப்பாவியான பொருளையா இத்தனை வருடம் கட்டிக்கொண்டு அழுதோம் என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் ஏறினாள். 84.0. இறங்கி, மறுபடி ஏறினாள். 84.0.

“ஏங்க! இங்க வாங்களேன்! தொள்ளாயிரம் கிராம்!”

அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு வெட்கமே வரவில்லை. ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு தடவை, அவள் மனது தேறட்டும், பிறகு பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எடை ஒரு தடவை குறைந்தால் மறுவாரமும் குறைய வேண்டுமே. அதற்கடுத்த வாரமும் குறைய வேண்டுமே. திங்கட்கிழமை தோறும் மத்தியானம் வீட்டுக்கு வந்து கல்லைத் தூக்க ஆரம்பித்தேன். 19.7, 19.5, 19.3. ஒரே சீராகக் குறைத்தால் சந்தேகம் வரும் என்று ஒரு வாரம் வேண்டுமென்றே சும்மா விட்டேன். அந்த வாரம் அவள், “நேத்து ஆபீஸ்ல ஒரு துண்டு கேக் சாப்பிட்டேன், அதான்” என்று தன்மேலேயே பழி போட்டுக்கொண்டாள். கலையோடு செய்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது, கருமம்.

மிஷினுக்கு ஆள் பார்த்துப் பொய் சொல்லத் தெரியாது. அவளுக்குக் குறைத்தால் எனக்கும் குறையும். ஐந்தாவது வாரம் நான் 60.4 காட்டினேன்.

“ஒன்றரை கிலோ இளைச்சிருக்கீங்க. உங்களுக்கு என்ன கவலை?” என்று பதறினாள். அன்றிலிருந்து தன் தட்டில் குறைத்ததையெல்லாம் என் தட்டில் போட ஆரம்பித்தாள். வேண்டாம் என்றால் முகம் வாடினாள். நானும் வாயைத் திறந்தால் பொய் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, அது வராமல் சாப்பாட்டால் அடைத்தேன். பத்தாவது வாரத்தில் நான் 61.7, தேறிவிட்டேன் என்று நோட்டில் எழுதினாள். நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன், 66.4. இடுப்பு பெல்ட்டில் ஓட்டை தீர்ந்துபோய் ஆணியால் ஒன்று புதிதாகப் போட்டிருந்தேன்.

அவள் 79.4 காட்டினாள். எட்டு என்று ஆரம்பிக்கிற எண் போய் ஏழு வந்த மறுநாள், ஆபீஸில் லிஃப்டில் ஏறினாளாம். பத்து பேரில் ஒருத்தியாக நின்றாளாம். கத்தவில்லை. நடுவில் யாரோ அதைப் பழுது பார்த்திருக்க வேண்டும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாவது டப்பா வாங்கப் போனபோது அவள் நோட்டையும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். மெடிக்கல்காரர் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். மேலே 84.6, கீழே 79.4, நடுவில் ஒரு பெரிய அம்புக்குறி. அதற்கும் கீழே அவர் கைப்பட எழுதியிருந்தார்: ‘எடை பார்த்தது தராசுக்காரர் வீட்டு மிஷினில்.’

“சார் பேரு இருந்தா அப்பீலே கிடையாது” என்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். “மேடம் ஆபீஸ்லேருந்தே அஞ்சு பேரு வந்து வாங்கிட்டுப் போனாங்க.”

சிரித்து வைத்துவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் என் மனைவியின் தங்கை வந்தாள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள், கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். வாரிய ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு அக்காவுக்குப் புது டிரெஸ் தைக்க அளவெடுக்க வந்தாள்.

“ரெண்டு இஞ்ச் குறைச்சு வெட்டுடி” என்றாள் என் மனைவி.

மைத்துனி டேப்பைச் சுற்றினாள், பார்த்தாள், அவிழ்த்து மறுபடி சுற்றினாள். “குறையலையேக்கா. அரை இஞ்ச் கூடத்தான் காட்டுது.”

“உன் டேப்பு தப்பு.”

“என் டேப்பு தப்பில்ல. பன்னெண்டு வருஷமா இதே கைதான் அளவெடுக்குது.”

“அஞ்சு கிலோ போயிருக்குடி! மிஷின் பொய் சொல்லுமா? இதோ இருக்காரே, அளவுக்கே வாத்தியாரு, இவர்கிட்டயே கேளு. ஏங்க, சொல்லுங்க. டேப்பு சரியா, மிஷின் சரியா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்காள் முகத்தில் துளிச் சந்தேகம்கூட இல்லை. நான் டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தேன்.

“துணி டேப்பு. பழசானா இழுத்துக்கும்” என்றேன்.

“மாமா, இழுத்துக்கிட்டா அளவு கம்மியால்ல காட்டும்? இது கூடக் காட்டுது.”

சரியான பேச்சு. தொழில் தெரிந்தவள். “அப்ப நனைஞ்சு சுருங்கியிருக்கும்” என்று அந்தர் பல்டி அடித்தேன்.

“உங்ககிட்ட ஸ்டீல் ஸ்கேல் இருக்கும்ல? வெச்சுப் பாத்துடலாம்.”

“அது கடையில இருக்கு.” அது என் பெட்டியில், என் கால் பக்கத்தில் இருந்தது.

மைத்துனி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “போன மாசம் உங்க பேண்ட்டை ஒன்றரை இஞ்ச் பிரிச்சு விட்டேனே மாமா, அதுவும் இந்த டேப்பு சொன்னதுதான். அப்ப மட்டும் சரியா இருந்துச்சா?”

“அவருக்கு எடை ஏறவே இல்லடி, நோட்டைப் பாரு” என்றாள் என் மனைவி. “வயித்தெரிச்சல்னா நேரா சொல்லு. நான் இளைக்கிறது உனக்குப் பொறுக்கல.”

அவ்வளவுதான். மைத்துனி டேப்பை மேஜைமேல் வைத்தாள். “சரிங்க மாமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். புதுசு வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு வரவில்லை, போன் செய்யவும் இல்லை. உண்மையைச் சொன்ன ஒரே பொருள் அந்த டேப்புதான், அதை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

அன்றைக்கு எனக்குப் புத்தி வந்தது. அதாவது, வந்ததாக நினைத்துக்கொண்டேன். சொல்லத் தைரியம் இல்லை. ஆனால் எண்ணைக் குறைத்தது நான்தானே, நானே ஏற்றிவிடலாம் என்று திட்டம் போட்டேன். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனால் அவளே மாத்திரையைத் திட்டித் தூக்கி எறிந்துவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். கல்லை வைத்து 18.7 என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் 79.8 காட்டினாள். அன்று மத்தியானம் அவள் உள்ளங்கையில் மூன்று மாத்திரை இருந்தது.

“ரெண்டுதானே?”

“உடம்புக்குப் பழகிப்போச்சு. ஒண்ணு சேத்துக்கலாம்னு மெடிக்கல்காரர் சொன்னாரு.”

மறுவாரம் 18.8. அவள் 80.3. மறுபடி எட்டு. மூன்று மாத்திரை நாலாயிற்று. டம்ளரைப் பிடிக்கும்போது அவள் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு நரம்பு தெரியத் தெரியத் துடித்தது. எண்ணைக் குறைத்தால் ‘வேலை செய்யுது’ என்று விழுங்கினாள், ஏற்றினால் ‘போதவில்லை’ என்று விழுங்கினாள். எப்படித் திருகினாலும் அவள் வாயில் மாத்திரையைப் போட்டது என் ஸ்க்ரூ டிரைவர்தான். எனக்குப் பயம் வந்தது, உள்ளபடியே பயம். சாயங்காலம் சொல்லிவிடுவது என்று திங்கட்கிழமை காலை முடிவு செய்தேன். அதற்கு முன்பே பதினோரு மணிக்கு அவள் ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாளாம், பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மார்பில் ஒயர்கள் ஒட்டி எடுத்த அடையாளம். டாக்டரம்மா கையில் நீளமான காகிதம்.

“நாடித் துடிப்பு நூத்தி இருபத்தி ரெண்டு. கை நடுக்கம். தூக்கமும் இல்லைங்கறீங்க. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

“இல்ல டாக்டர்” என்றாள் என் மனைவி. பிறகு, “மருந்தெல்லாம் இல்ல. இளைக்கறதுக்கு ஒண்ணு, மூலிகைதான்.”

“எடை குறைஞ்சிருக்கா?”

“குறைஞ்சிருக்கு. அஞ்சு கிலோ. ரெண்டு வாரமா கொஞ்சம் ஏறியிருக்கு.” அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை.

டாக்டரம்மா நிமிர்ந்தார். “அந்த மாத்திரையில அஞ்சு கிலோ குறையாது. படபடப்பு, நடுக்கம், எடை இறக்கம், மூணும் சேர்ந்து வந்தா நான் வேற மாதிரி யோசிக்கணும். தைராய்டா இருக்கலாம். வேற ஏதாவதும் இருக்கலாம்.” சீட்டில் ஒவ்வொன்றாகச் சோதனைகளை எழுத ஆரம்பித்தார். ரத்தம், கழுத்து ஸ்கேன், இதய ஸ்கேன். பேனா நிற்கவே இல்லை. என் பொய்யை நம்பி எழுதிக்கொண்டே போனார். “ஒரு தடவை இங்க எடை பாத்துடுங்க” என்றார்.

நர்ஸ் அவளை மெல்ல நடத்தி மூலையில் இருந்த மிஷினில் ஏற்றினார். 85.4.

என் மனைவி கீழே பார்த்தாள். “இது தப்பு. நேத்து 80.3. இந்த மிஷின் சரியில்ல டாக்டர்.”

“போன மாசம்தாம்மா பாத்து சீல் வெச்சுட்டுப் போனாங்க” என்றார் நர்ஸ்.

“யாரு பாத்தது? இதோ எங்க வீட்டுக்காரர் இருக்காரு, இதே தொழில்தான். ஏங்க, வந்து பாருங்க. அஞ்சு கிலோ கூடக் காட்டுது.” சொல்லிக்கொண்டே அவள் குனிந்து பக்கவாட்டிலிருந்த வட்ட ஸ்டிக்கரைப் படித்தாள். சரிபார்க்கப்பட்டது. தேதி. இத்தனை வருடமாக எங்கள் வீட்டுக் காகிதங்களில் எல்லாம் பார்த்துப் பழகிய கையெழுத்து.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் கொடுமை. சந்தேகமே இல்லாமல், நான் சொல்லப்போகும் பதிலுக்காகப் பார்த்தாள்.

‘அன்னிக்கு அவசரத்துல பாத்தேன், தப்பு விட்டிருப்பேன்’ என்று சொல்லலாம். ஒரு ஸ்டிக்கர் போகும், வீடு நிற்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மா கையில் அந்தச் சீட்டு இருந்தது, பேனா இன்னும் மூடாமல் இருந்தது.

“இது சரிதான்” என்றேன். “வீட்டு மிஷின்தான் தப்பு. நான்தான் மாத்தி வெச்சேன். பத்து வாரமா. அவளுக்கு எடை குறையவே இல்ல டாக்டர்.”

நர்ஸ் மருந்துத் தட்டைப் பார்த்தார். டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுதியதில் பாதியை அடித்தார். “டப்பாவை இன்னியோட நிறுத்துங்க. நாலஞ்சு நாள்ல படபடப்பு அடங்கிடும். அடங்கலைன்னா வாங்க” என்றார். என் மனைவி இன்னும் மிஷின்மேலேயே நின்றுகொண்டிருந்தாள். எண் மாறவில்லை.

சாயங்காலம்தான் விட்டார்கள். பஸ்ஸில் அவள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக மெடிக்கல் ஷாப்புக்குள் போனாள். கண்ணாடியில் அவளுடைய பக்கம் ஒட்டியிருந்தது. மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, 79.4-ஐ அடித்து, பக்கத்தில் 85.4 என்று எழுதினாள். அம்புக்குறியைத் திருப்பிப் போட்டாள். என் பக்கம் பேனாவை நீட்டினாள்.

“கையெழுத்து போடுங்க.”

“சார், என்ன சார் இது?” என்றார் மெடிக்கல்காரர்.

போட்டேன். ஸ்டிக்கரில் போடுகிற அதே கையெழுத்துதான். பக்கத்தில் ஒரு பெண் பச்சை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் படித்தாள், என் மனைவியை மேலும் கீழும் பார்த்தாள். “உங்க உடம்புக்கு ஒத்துக்கல போல” என்று அனுதாபமாகச் சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என் போனை வாங்கி, தங்கையைக் கூப்பிட்டு, என் கையில் கொடுத்தாள். “டேப்பு சரிதான். நான்தான் பொய் சொன்னேன்” என்றேன். “அக்காகிட்ட குடுங்க மாமா” என்றாள். அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை. என் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, இருபது கிலோ கல்லை உருட்டிக்கொண்டு மிஷினிடம் போனேன். இதையாவது உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் போவதற்குள் அவள் வந்து அந்த மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள், கால்களை நீட்டிக்கொண்டு, முதுகை ஃப்ரிட்ஜில் சாய்த்துக்கொண்டு.

“கொஞ்சம் எழுந்திரு. அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.”

“அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வைங்க.”

வைத்தேன்.

“அன்னிக்கு நான் சமையல்கட்டுல அழுதேன்ல” என்றாள். “கதவுவரைக்கும் வந்தீங்க. எனக்குத் தெரியும், நிழல் விழுந்துச்சு. உள்ள வந்து பக்கத்துல நின்னிருந்தா போதாதாங்க? நான் என்ன கேட்டேன்? இதை எடுத்துட்டுத்தான் வரணுமா?”

மன்னித்துவிடு என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூட்டைக்கான மேடை, இரண்டு பேருக்கு இடுக்கிக்கொண்டு இடம் இருந்தது. தோள் இடித்தது, அவள் நகரவில்லை. அவளுடைய படபடப்பு என் தோளில் தெரிந்தது. தலைக்குமேல் சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன.

“எவ்வளவு காட்டுது?” என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

“142.7.”

“உண்மையில எவ்வளவு?”

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். “நூத்தி ஐம்பத்தொண்ணு புள்ளி எட்டு.”

“அதுல நாலு கிலோ என்னோட சாப்பாடு” என்றாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எழுந்துவிடப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.